சுவரைத் தட்டிப் பார்த்தவர்

மண்ணூரில் எங்கள் வீட்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த சுவரை இடிக்க வந்த மேஸ்திரியின் பெயரை நான் கடைசிவரை கேட்கவில்லை. ஒல்லியான ஆள். புருவமெல்லாம் சிமெண்ட் தூசி. சம்மட்டியைத் தொடும் முன் விரலை மடக்கிச் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்பார்.

ஹாலில் பகலிலும் விரித்துக் கிடந்த பாயைப் பார்த்துவிட்டு, “வூட்ல நைட் ஷிப்ட் யாரு சார்?” என்றார்.

“நான்தான். பகல்ல இந்த ஹால்லதான் தூங்குவேன்.”

“அப்பறம் இன்னாத்துக்கு இடிக்கிறீங்க? இந்தச் செவுருதான் ஒங்கள தூங்க வெச்சிகினு கீது.”

“எடுத்துட்டா வீடு பெரிசா தெரியும்ண்ணா,” என்றாள் என் மனைவி. எனக்கும் அந்த ஆசைதான். அவர் சம்மட்டியை எடுத்துச் சுவரை இடித்தார். அதிலிருந்த கதவு நிலையை மட்டும் உடையாமல் பெயர்த்துப் பின்பக்கம் சாய்த்து வைத்தார். “வெறகுல போட்டுடாதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடு இப்போது பெரிதாகத்தான் தெரிகிறது. வருகிறவர்கள் பாராட்டுகிறார்கள். நான் பகலெல்லாம் புரண்டு புரண்டு படுக்கிறேன். சத்தம் வராமல் பாத்திரத்தை இறக்கிவைக்க அவள் படும் பாடு எனக்குக் கேட்கிறது. நான் தூங்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும். பின்பக்கம் சாய்ந்திருக்கும் அந்தக் கதவு நிலையை என்ன செய்வதென்று அவளும் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை.