பலகையில் மூன்று தப்பு

அறிவியலை வைத்துக் குற்றம் செய்பவர்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் அது. ஆறே வாரம் ஓடியது. பிறகு அந்த நேரத்துக்கு ஒரு சமையல் போட்டி வந்துவிட்டது.

வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அடையாறில் ஒரு பழைய பங்களாவில் படப்பிடிப்பு. ஆய்வுக்கூடக் காட்சிகளுக்கு வெள்ளைப் பலகையில் சமன்பாடுகள் எழுத ஆள் தேவை என்றார்கள், போனேன். முதல் நாளே இயக்குநர் சொல்லிவிட்டார்: வில்லன் விஷம் தயாரிக்கிறான் என்றால், பலகையைப் பார்த்து வேறு யாரும் தயாரித்துவிடக் கூடாது. நிஜம் மாதிரி தெரியணும், செய்தால் ஒன்றும் வரக் கூடாது. சமன்பாட்டை எந்த இடத்தில் உடைப்பது என்று உட்கார்ந்து யோசிப்பேன். சரியாக எழுதுவதைவிட அது கஷ்டம்.

அப்பா தேனாம்பேட்டை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. மூன்றாம் வாரம் என் கையெழுத்து திரை முழுக்க வந்தபோது அதைப் போனில் படம் பிடித்தார். மறுநாள் எனக்குத் தெரியாமல் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, சவாரிக்காரர்கள் பார்க்கிற மாதிரி தன் இருக்கைக்குப் பின்னால் ஒட்டிவிட்டார். கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும் என் பிள்ளை எழுதியது என்று சொல்லியிருக்கிறார்.

பத்து நாள் கழித்து, கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போன ஒரு வேதியியல் ஆசிரியை வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். இறங்கும்போது தயக்கத்தோடு, மூன்று இடத்தில் தப்பு இருக்கிறது, பையனிடம் சொல்லுங்கள் என்றாராம்.

அன்று மதியமே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் பிய்த்தெடுத்த படம்.

"மூணு எடத்துல தப்பாமே?"

"ஆமாம்ப்பா, தப்புதான். அது வந்து..."

"அப்போ இத்தினி வருசம் இன்னாத்த படிச்ச?"

மெதுவாகத்தான் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான் படித்தது உண்மையா என்று பார்க்க அவருக்கு வேறு வழியே கிடையாது. இத்தனை வருடமும் என் வார்த்தையை மட்டும் நம்பியிருந்தார்.

நோட்டைப் பிரித்து, சரியானதையும் தப்பானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. நோட்டை மூடிவிட்டுச் சொன்னேன்: அது விஷம் செய்கிற வழி. டிவி பார்ப்பவர்களில் கெட்டவனும் இருப்பான். அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்று தெரிந்தேதான் மாற்றி எழுதினேன்.

அப்பா படத்தைக் கீழே வைத்தார்.

"ஒரு தபா தி.நகர்ல ஒரு பொண்ண எறக்கி வுட்டேன். ரெண்டு பசங்க பின்னாடியே பைக்ல வந்து, எந்தத் தெருவுல எறக்குனன்னு கேட்டானுங்க. வேற தெருவச் சொல்லி சுத்த வுட்டுட்டேன். எது எங்க கீதுன்னு தெரிஞ்சாத்தான் ஒருத்தன சுத்த வுட முடியும்."

அப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

தொடர் நின்றுபோனது. படம் திரும்ப ஆட்டோவில் ஏறியது. இப்போது ஏறுகிறவர்களிடம் அவரே, வேண்டுமென்று வைத்த தப்பு மூன்று இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்கிறார்.

போன வாரம் ஒரு கல்லூரி மாணவி நான்கு கண்டுபிடித்திருக்கிறாள். நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நான்காவது நான் தெரியாமல் செய்தது. அப்பாவிடம் அதை அப்படியே சொன்னேன்.

"சர்தான்," என்றார். "இனிமே மூணு வேணும்னு, ஒண்ணு தெரியாமன்னு சொல்றேன்."