வாத்தியார் ஏற்காத வரி

சீனாவின் ஜென்ஜியாங் நகரில் அரிசியைப் புளிக்கவைத்துக் காடி வடித்து விற்ற சூ வெய்லின், ஆயுளில் ஒரே ஒரு கவிதைதான் எழுதினார். இளமையில் மெங் வாத்தியாரிடம் ஆறாண்டு படித்தவர். அரசுத் தேர்வில் தோற்ற வெட்கத்தில், அந்தத் தெருப் பக்கமே போகாமல் இருபத்திரண்டு ஆண்டுகளைக் கடத்திவிட்டார். வாத்தியார் காலமான செய்திதான் அவரைக் கிளப்பியது.

இறந்தவர்களின் கல்லறையைப் பெருக்கி வணங்கும் வசந்த நாளில் பழைய மாணவர்கள் வாத்தியார் கல்லறையில் கூடினார்கள். ஆளுக்கொரு இரங்கற்பாவைப் படித்து, வாத்தியாருக்குப் போய்ச் சேரட்டும் என்று எரித்தார்கள். எல்லாம் சாம்பலாயின. வெய்லினுடைய தாளில் மட்டும் எட்டு வரியில் ஒரு வரி இருந்த துண்டு எரியாமல் அப்படியே நின்றது: ‘ஒருநாளும் உம்மை மறந்ததில்லை.’ மூன்று முறை நெருப்பில் போட்டும் அதன் ஓரம்கூடக் கருகவில்லை.

“என்னப்பா, தாளைக் காடியில முக்கி எடுத்துட்டு வந்தியா?” என்று சிரித்தார் கூடப் படித்த ஹோ. “பாரு, செத்தும் வாத்தியார் உன்னை விடல. திருத்தி எழுதச் சொல்லித் திருப்பிட்டார்!”

வெய்லின் சிரிக்கவில்லை. பொய்யான வரியை வாத்தியார் என்றைக்கும் ஏற்றதில்லை. இதையும் ஏற்காவிட்டால் இனி அவரிடம் பேச வேறு வழியே கிடையாது.

“அண்ணே, நீங்க எழுதின தூரிகையைக் குடுங்க” என்று ஹோவிடம் கேட்டு வாங்கினார்.

மண்டியிட்டு, அந்த வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினார்: ‘இருபத்திரண்டு வசந்தம் மறக்கப் பார்த்தேன், முடியவில்லை.’

தாளை நீட்டினார். நெருப்பு ஒரு முழம் எழும்பி வந்து அதை வாங்கிக்கொண்டது. வெய்லின் நெற்றி நிலத்தில் பட மும்முறை வணங்கிய பிறகுதான் அழுதார்.