நடத்தை என்ற கட்டம்

பல்லடம் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பொற்கொடி செக்கிங் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருசமாகிறது. ஓட்டை, கறை, தையல் விட்ட இடம், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சூப்பர்வைசர் இடம் இரண்டு தடவை காலியானது. இரண்டு தடவையும் அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கே போனது. ஏன் என்று கேட்டால், "உன்ற ஃபைல் சரியில்ல" என்பார் ஹெச்.ஆர். மனோஜ்குமார்.

கோழிப்பண்ணையில் லோடு ஏற்றும் அவள் கணவன் மாரப்பனுக்கே அது புரியவில்லை. "நீ ஒருத்தர அதட்டிப் பேசி நான் பாத்ததில்லையே அம்மணி. அப்படி என்னதான் எழுதி வெச்சிருக்கறாங்க?" என்பான். அவளுக்குத் தெரிந்தால்தானே சொல்ல!

இந்த மனோஜ்குமார் கொடுமுடிக்காரர். தோப்பும் துரவுமாக வாழ்ந்த குடும்பம். எம்.பி.ஏ. படித்தவர், படித்ததை ஊர் மறந்துவிடக் கூடாது என்பதிலேயே குறியாக இருப்பவர். வருசக் கடைசியில் ஆளுக்கொரு தாள் நிரப்ப வேண்டும். அதில் 'நடத்தை' என்று ஒரு கட்டம். நல்லவர், பரவாயில்லை என்று எழுதிவிட்டுப் போனால் என்ன கெட்டுவிடும்? அதெப்படி! சண்டைக்காரர்களைச் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தைகளைப் போனில் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்தார் மனுசன். தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பதுபோல ஆளுக்கொன்று கொடுத்தார். லீவு கேட்ட வெங்கடம்மாள் 'அக்ரசிவ்'. கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று சொன்ன கீதா 'ஹோஸ்டைல்'. பொற்கொடிக்கு மட்டும் விசேசமாக 'பெலிஜரன்ட்'.

அப்படி என்ன செய்துவிட்டாள்? மூன்று வருசத்துக்கு முந்தைய சித்திரையில் செக்கிங் செக்சனில் தண்ணீர் கேன் காலியாகி இரண்டு நாள் அப்படியே கிடந்தது. ஆபீஸ் ரூமுக்குப் போய் நின்றாள்.

"ஏனுங்க சார், கேன் காலியாயி ரெண்டு நாளாச்சுங்க. ஒரு வார்த்தை சொல்லி உட்டீங்கன்னா நல்லாருக்குமுங்க."

"சொல்றேன், போ."

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். அவ்வளவுதான். வையவில்லை, குரல்கூட உயரவில்லை. கோபம் ஏற ஏற அவள் பேச்சில் 'ங்க'தான் கூடியது. இந்தப் பக்கத்து ஆட்கள் அப்படித்தான் என்று மனோஜ்குமாருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் தன் தோட்டத்தில் கூலிக்கு வந்தவர்களைப் போன்ற ஒரு குடும்பத்துப் பொம்பிளை மூன்று தடவை தன் வாசலில் வந்து நிற்பதாவது! அதுதான் அவரை உறுத்தியது. அதற்கொரு வார்த்தை கிடைக்காமலா போகும்? ஒருமுறை எழுதியதை வருசா வருசம் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த மாசியில் சூப்பர்வைசர் இடம் மூன்றாவது தடவையாகக் காலியானது. அதே வாரம், துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காக யுஸ்ரா என்ற பெண் சென்னையிலிருந்து ஆடிட்டுக்கு வந்தார். ஃபைல்களைப் புரட்டியவர் நிமிர்ந்து மனோஜ்குமாரைப் பார்த்தார்.

"இங்க பனியன் தைக்கிறாங்களா, குத்துச்சண்டை பழகுறாங்களா?"

பொற்கொடியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "நீங்க சண்டைக்கு அலையிறவங்கன்னு இதுல எழுதியிருக்கு. யார் கூடச் சண்டை போட்டீங்க?"

பொற்கொடிக்கு அப்போதுதான் விளங்கியது. இதுதானா அது? தன் பதினோரு வருச உழைப்பு இந்தக் கேவலத்திலா மாட்டிக் கிடந்தது?

"தண்ணி கேட்டனுங்க மேடம். மூணு நாளு கேட்டனுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லீங்க."

யுஸ்ரா மனோஜ்குமார் பக்கம் திரும்பினார். தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சொல்வாரா அந்த மகராசன்? மேசையை ஓங்கிக் குத்தினார். டீ டம்ளர் கவிழ்ந்து ஃபைல் மேல் ஓடியது.

"பொய் பேசறா மேடம்! ஏய், யாரு முன்னால உக்காந்து பேசறேன்னு தெரியுதாடி? நாக்க அறுத்துப்போடுவேன், பாத்துக்க!"

பொற்கொடி தோளில் கிடந்த துணித்துண்டை எடுத்து டீயைத் துடைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். இப்ப நீங்க பேசுனீங்களேங்க, அதுக்கு இங்கிலீசுல என்னன்னுங்க எழுதோணும்?"

அத்தனை வார்த்தை சேர்த்து வைத்திருந்த மனுசன் நனைந்த ஃபைலை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். யுஸ்ரா குனிந்து எழுத ஆரம்பித்தார். வெகுநேரம் எழுதினார்.

அடுத்த மாதமே பொற்கொடி சூப்பர்வைசர் ஆனாள். முதலாளிக்கு நியாயம் பிறந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆர்டர் கைவிட்டுப் போகும் என்ற பயம், வேறொன்றுமில்லை. செக்கிங் ஆட்களின் தாளை இனி அந்த செக்சன் சூப்பர்வைசரே நிரப்ப வேண்டும், மனோஜ்குமார் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் உத்தரவு வந்தது.

வருசக் கடைசியில் பொற்கொடி உட்கார்ந்து முப்பத்தெட்டுத் தாள்களையும் தமிழில் நிரப்பினாள். வெங்கடம்மாள் தாளில் நடத்தைக் கட்டத்தில், 'லீவு கேட்டார். நாம் கொடுக்கவில்லை' என்று எழுதினாள். கீதாவின் தாளில், 'தாழ்ப்பாள் கேட்டார். இன்னும் போடவில்லை' என்று எழுதினாள். தாள்களை அப்படியே கட்டாகக் கொண்டுபோய் மனோஜ்குமாரின் மேசையில் வைத்தாள்.

அவர் தலையை நிமிர்த்தாமல் பேனாவைத் தேடினார்.

"அவசரமில்லீங்க சார்," என்றாள் பொற்கொடி. "ஒவ்வொண்ணா படிச்சுப்போட்டே கையெழுத்துப் போடுங்க. நான் இங்கயே நிக்கறனுங்க."