செவ்வாய்க்கிழமைக்கு முன் வாருங்கள்

டொக்டர் சவிரிமுத்து போய்விட்ட செய்தி எனக்கு வேலை இடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. தொலைபேசியில் அழைத்தவர் நம் சங்கச் செயலாளர்.

"டொக்டர் மோசம் போயிட்டார், அக்கா. காலமை மவுண்ட் ரோஸ்கில்ல பஸ்ஸுக்கு நிண்டவர், அப்பிடியே சரிஞ்சிட்டார். ஹார்ட் அட்டாக்" என்றார். மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னார். "சங்க மலருக்கு நீங்கள்தான் எழுதவேணும். டொக்டர் எண்டு பெரிசாப் போடுங்கோ. நாலு நல்ல வார்த்தை, வழக்கம்போல."

எழுதித் தருகிறேன் என்றேன். நல்ல வார்த்தைக்கு நான் பேர்போனவள். ஆக்லாந்தில் உங்களில் பாதிப் பேருடைய விசாக் கடிதம், வாடகைக் கடிதம், பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் என் கம்ப்யூட்டரில் அடித்ததுதான். அந்த நல்ல வார்த்தையால் ஒரு மனிதருக்கு என்ன நடந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். செயலாளருக்குப் பிடிக்காவிட்டால் அச்சுக்குக் கொடுக்காமல் விடட்டும்.

முதலில் உங்களை ஒன்று கேட்கிறேன். அவர் உயிரோடு இருந்தபோது எத்தனை பேர் அவரை டொக்டர் என்று முகத்துக்கு நேரே கூப்பிட்டீர்கள்? முதுகுக்குப் பின்னால் 'பிணங்கழுவி டொக்டர்' என்று சொன்னது என் காதிலேயே விழுந்திருக்கிறது. இலங்கையில் அவர் சட்ட வைத்திய அதிகாரி. சந்தேகமான சாவு என்றால் உடலைப் பார்த்து, எப்படி நடந்தது, எந்தக் கை செய்தது என்று நீதிமன்றத்தில் நின்று சொல்கிற வேலை. பதினாறு வருடம் அதைச் செய்தார். அவர் படித்த படிப்புக்குப் புள்ளி போட்டுத்தான் இந்த நாடு விசா கொடுத்தது. வந்து இறங்கிய பிறகு அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்றார்கள். கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போனார். அங்கிருந்து பிரேத அறைக்கு மாற்றினார்கள். மருத்துவர்கள் பரிசோதனை முடித்துப் போனபின் உடலைக் கழுவி, துடைத்து, அடக்கத்துக்கு அனுப்புவது அவர் வேலை.

ஒரு கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவர் ஒரு பெரிய தட்டு நிறைய மீன் கட்லட் செய்து கொண்டுவந்தார். மேசையில் மற்றத் தட்டெல்லாம் காலி. அது மட்டும் வைத்தபடியே இருந்தது. யாரும் தொடவில்லை. அவருக்குப் புரியாமல் இருக்குமா? போகும்போது தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "நல்லதாப் போச்சு தங்கச்சி, ஒரு கிழமைக்குச் சமையல் இல்லை" என்று சிரித்தார். நானும் அன்று தொடவில்லை. அசைவம் சாப்பிடுவதில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அடுத்த மாதமே அவர் கண் முன்னால் கோழி சாப்பிட்டேன்.

அந்தப் பிரேத அறையில்தான் அவர் அதைக் கண்டார். தொண்ணூறுகளின் நடுவில், இரண்டு வருடத்துக்குள், தனியாக இருந்த வயதான பெண்கள் மூன்று பேர் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் மங்கரே, ஒருவர் மவுண்ட் வெல்லிங்டன், மூன்றாமவர் நம் ரோஸ்கில். போலீஸ் மூன்றையும் தனித்தனியாக விசாரித்தது. முதலாவது திருட வந்தவன் செய்தது என்றார்கள். இரண்டாவதில் சொந்தக்காரப் பையன் ஒருவனைச் சந்தேகப்பட்டார்கள். மூன்றாவதும் திருட்டுத்தான் என்றார்கள். மூன்று உடலையும் பரிசோதித்தவர்கள் வெவ்வேறு மருத்துவர்கள். மூன்றையும் கழுவியவர் ஒருவர்தான்.

மூன்றாவது உடல் வந்த வாரம், சனிக்கிழமை பகலில் அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நோட்டுக் கொப்பி. மூன்று பக்கங்களில் மூன்று முதுகு வரைந்திருந்தார். மூன்றிலும் தோள்களுக்கு நடுவே, அதே இடத்தில், வட்டமாக, கன்றிப்போன ஒரு கண்டல் காயம்.

"முழங்காலை முதுகில ஊண்டி, பின்னால நிண்டு கயிறை இழுத்திருக்கிறான். கயிறு குறுக்க வாறது மூண்டு பேருக்கும் இடப்பக்கம். இடக்கைக்காரன். ஒரே ஆள், தங்கச்சி."

"டாக்டர்ங்க பார்க்கலையா சார்?"

"அறுத்துப் பாக்கிற அண்டைக்கு இந்தக் கண்டல் வடிவாத் தெரியாது. அடுத்த நாள்தான் மேல எழும்பி வரும். அப்ப அவையள் ரிப்போர்ட் எழுதி முடிச்சிடுவினம். உடம்பு அவசரப்படாது, தங்கச்சி. நாங்கள்தான் அவசரப்படுறம்."

அங்கே கடமையில் இருந்த மருத்துவரிடம் சொன்னாராம். நன்றி, கவனிக்கிறேன் என்று பதில். மேற்பார்வையாளர், கழுவுகிற வேலையை மட்டும் பார் என்றாராம். போலீஸ் நிலையத்துக்குப் போனால், எழுதிக் கொண்டுவரச் சொன்னார்களாம். எழுதியும் வைத்திருந்தார், ஆங்கிலத்தில், ஒரு தாளில் ஆறே வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'இந்த மூன்று பெண்களையும் கொன்றது ஒரே ஆள். அவன் இடக்கைக்காரன். நான் பதினாறு வருடம் சட்ட வைத்திய அதிகாரியாக இருந்தவன். மூன்றாவது உடல் திங்கள் மாலைவரை இங்கே இருக்கும். செவ்வாய்க்கிழமைக்கு முன் வாருங்கள். நானே காட்டுகிறேன்.'

கம்ப்யூட்டரில் ரைப் பண்ணி மட்டும் தரும்படி கேட்டார். நான் மதுரைப் பக்கம் தாலுகா அலுவலகத்தில் பதினோரு வருடம் எழுத்தராக இருந்தவள். ஐயா என்று தொடங்கி, தாழ்மையுடன் என்று குனிந்து, சமூகத்தின் மேலான பார்வைக்கு என்று முடிக்காத மனு எதுவும் என் மேசையைத் தாண்டியதில்லை. அந்த ஆறு வரியைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

"இப்படி எழுதினா கோவிச்சுப்பாங்க சார். போலீசுக்கே ஆர்டர் போடற மாதிரி இருக்கு. டாக்டர்னு போட்டா, பதிவு இல்லாம டாக்டர்னு சொல்லிக்கிறான்னு வேற கேஸ் ஆயிடும். உங்க வேலை போயிடும்."

"அப்ப எப்பிடி எழுதுறது?"

"நான் எழுதித் தர்றேன்."

சிவப்புப் பேனாவை எடுத்து அவர் தாளிலேயே அடித்தேன். சட்ட வைத்திய அதிகாரி போயிற்று. 'உடல்களைக் கழுவும் ஒரு எளிய ஊழியன்' வந்தது. ஒரே ஆள் போயிற்று. 'ஏதேனும் தொடர்பு இருக்கக்கூடுமோ என்று பணிவுடன் யோசிக்கிறேன்' வந்தது. செவ்வாய்க்கிழமை போயிற்று; 'தங்களுக்கு நேரம் வாய்க்கும்போது' வந்தது. ஒரு பக்கம் நிறைந்தது, பார்க்க அழகாக இருந்தது. அவர் இரண்டு முறை வாசித்தார்.

"இது நான் சொல்ல வந்தது இல்லையே, தங்கச்சி."

"இங்க இப்படித்தான் எழுதணும் சார். உங்க வீட்டம்மாவுக்கு விசா கிடைச்சது எந்தக் கடிதத்துல? நான் இப்படி எழுதினதுலதானே?"

அவர் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே போலீஸ் நிலையத்தில் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை முழுக்கப் பிரேத அறை வாசலைப் பார்த்தபடி இருந்திருக்கிறார். ஒருவரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அந்த உடலை எடுத்துப் போய் எரித்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: தங்கள் அக்கறைக்கு நன்றி, கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது. நான் அதைப் பார்த்து, "பார்த்தீங்களா சார், எவ்வளவு மரியாதையா பதில் போட்டிருக்காங்க" என்றேன். இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, நாலாவது ஆளும் வந்திட்டா. மங்கரேயில இருந்து. நேற்றுக் கழுவினனான், இண்டைக்குக் கண்டல் எழும்பியிருக்கு. அதே இடம்." குரலில் கோபம் இல்லை. வைத்துவிட்டார்.

இந்த முறை போலீஸ் கூப்பிட்டது. துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். துப்பறியும் அதிகாரி நடுவயதுக்காரர், நல்ல மனிதர். கோப்பிலிருந்து என் அழகான கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். கொப்பியில் இருந்த படங்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "நீங்கள் யார் என்பதை ஏன் இதில் எழுதவில்லை? உடல் திங்கள்வரைதான் இருக்கும் என்று ஏன் சொல்லவில்லை? ஒரு வரி போதுமே. அன்றே வந்திருப்பேன். முதல் மூன்றையும் நிரூபிக்க இப்போது என்னிடம் உங்கள் படங்கள் மட்டும்தான் இருக்கின்றன."

நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். என் முன்னால் காப்பி இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

சவிரிமுத்து, "என் ஆங்கிலம் போதாது. பிழை என்னுடையது" என்றார். பதினாறு வருடம் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் சாட்சி சொன்ன மனிதர். என் ஆங்கிலத்தை நாலு தரம் விலைக்கு வாங்குவார்.

காரில் வரும்போது, "நான்தான்னு சொல்லியிருக்கணும் சார்" என்றேன்.

"சொல்லி? உங்களிட்டக் கடிதம் எழுத வாற சனம் பயந்து போகும். எனக்கு இனிக் கெட என்ன கிடக்கு?" என்றார். ரோஸ்கில்லில் காரை நிறுத்தினேன். இறங்கும்போது, "அந்த நாலாவது மனிசியின்ர விரலில ஒரு மோதிரம் கிடந்தது, தங்கச்சி. சோப் போட்டுத்தான் கழட்டினனான்" என்றார். அதன்பின் எங்களுக்குள் அந்தப் பேச்சே எழவில்லை. எனக்கு ஏச்சு வேண்டியிருந்தது. அவர் கடைசிவரை அதைத் தரவில்லை.

உள்விஷயத்தை வெளியில் கொண்டுபோனார் என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் அவரைச் சலவைப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். சாகும்வரை துணி மூட்டை தூக்கினார். கொலைகாரன் அகப்படவில்லை. நான்குக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயப்படுவதாகப் பேப்பரில் இன்றும் எப்போதாவது வரும்.

அடக்கத்தில் செயலாளர் பேசினார். "பணிவெண்டால் எங்கட டொக்டர்தான்" என்றார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். அவர் பணிவான ஆளே இல்லை. தனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்கிற ஆள். நீங்கள் பார்த்த பணிவு, நான் ரைப் அடித்தது.

அவர் கைப்பட எழுதிய அந்தத் தாள் அன்றைக்கு என் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமைக்கு முன் வாருங்கள் என்ற வரியின் மேல் என் சிவப்புப் பேனா இரண்டு முறை ஓடியிருக்கிறது. அப்படியும் அதை வாசிக்க முடிகிறது. நான் அந்தக் கோடு போட்ட பிறகும் அந்த நாலாவது அம்மாள் மோதிரத்தோடு இன்னும் ஐந்து மாதம் உயிரோடு இருந்தார்.