முன்கால் போன மவுண்டன் பைக்

சைக்கிள் திருத்துகிறவளின் சொந்தச் சைக்கிள் ஒழுங்காக ஓடியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஊருக்கெல்லாம் கூரை வேய்ந்துவிட்டுத் தன் வீட்டில் ஒழுக்குக்குச் சட்டி வைக்கிறவரும், ஊருக்கெல்லாம் சட்டை தைத்துவிட்டுத் தான் பொத்தான் இல்லாமல் திரிகிறவரும் இதை வாசித்துத் தலையாட்டுவீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

யுத்தத்தால் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து விசுவமடுவில் இருந்த காலம் அது. இவர், அதாவது என் கணவர், ஒரு மவுண்டன் பைக் வைத்திருந்தார். நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. பழசுதான். ஆனால் முன் சில்லைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு காலிலும் ஸ்பிரிங் இருந்தது. கிடங்கு வந்தால் அது தாழ்ந்து எழும்பும், கைக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீதிகளில் அதைவிடப் பெரிய சொத்து ஏது? ஒட்டுசுட்டான் வீதியில் ஒருநாள் அதன் ஒரு கால் வெடித்துப் போனது. வேறு ஃபோர்க் தேடுவதற்குள் இவருடைய கண்ணில் இரும்புத்தூள் விழுந்து, வைத்தியத்துக்கு இராணுவத்தின் பிடியில் இருந்த வவுனியாவுக்குப் போனார். கண் சுகமாகிவிட்டது. இந்தப் பக்கம் திரும்பி வர அனுமதி மட்டும் கிடைக்கவில்லை. ஒன்றரை வருசமாக அங்கே ஒரு முகாமில் இருந்தார்.

போகும்போது எங்கள் சைக்கிள் பட்டறையின் பொறுப்பை என்னிடம் தந்து, பெட்டிக்குள் கிடந்த ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கைக் காட்டி இவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அவசரப்பட்டுச் சும்மா ஃபோர்க்கைப் பூட்டிப்போடாதையும். நான் வந்து ஸ்பிரிங்தான் பூட்டுவன்."

நூல் அளவு

புது ஸ்பிரிங் ஃபோர்க் வாங்க வழியும் இல்லை, வசதியும் இல்லை. வவுனியாவில் பழைய சாமான் கடைகளில் பார்க்கலாம். ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம். சைக்கிள் சாமானைப் பையில் கொண்டுவந்தால் சோதனைச் சாவடியில் மறித்து வைத்துக்கொள்வார்கள். சைக்கிளில் பூட்டி ஓட்டிக்கொண்டு வந்தால் கேள்வியில்லை. அதனால் எங்கள் வன்னிக்கு வந்த உதிரிப்பாகம் எல்லாம் யாரோ ஒருவருடைய சைக்கிளில் பூட்டித்தான் வந்தது.

வவுனியாவுக்குப் போன வாத்தியார் ஒருவரிடம் ஒரு நூலில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். முதல் முடிச்சு வரை ஃபோர்க்கின் கழுத்து நீளம், அடுத்தது வரை காலின் நீளம். கழுத்து குறைந்தால் மேல் நட்டு பிடிக்காது, சைக்கிள் பாதி வழியில் தலையைக் கழட்டித் தரும். நூலை இவரிடம் கொடுங்கோ என்று படித்துப் படித்துச் சொன்னேன். வாத்தியாருக்கு இவரைத் தேடிப்போக நேரம் கிடைக்கவில்லை. நூலால் மூக்குக்கண்ணாடியைக் கட்டிவிட்டு, கண்மதிப்பில் ஒரு ஃபோர்க்கை வாங்கித் தன் சைக்கிளில் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அது சின்னப்பிள்ளைச் சைக்கிளின் ஃபோர்க். முன்பக்கம் ஒரு சாண் பதிந்து, மனிதர் ஹாண்டில் மேல் வழுகி வழுகி வந்து சேர்ந்தார். எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"சாவடியில ஒருத்தரும் என்னை நிமிர்ந்து பாக்கேல்லைப் பிள்ளை. நான்தான் வழி முழுக்க நிலத்தைப் பாத்துக்கொண்டு வந்தனான்."

அன்றைக்கே இன்னொரு நூலில் முடிச்சுப் போட்டு, கடிதத்துக்குள் வைத்து இவருக்கே அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், கடிதத்தில் ஃபோர்க்கைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை. நூல்தான் மிச்சத்தைச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

உழவு மெசினின் ஸ்பிரிங்

காத்திருக்கிறவளுக்கு யோசனை சொல்ல ஊரில் ஆளா இல்லை? உடையார்கட்டில் இரும்பு ஒட்டு வேலை செய்கிற ஒருவர், உடைந்த உழவு மெசினின் இருக்கை ஸ்பிரிங் இரண்டை வைத்துத் தானே ஒரு ஃபோர்க் செய்து தருகிறேன் என்றார். செய்தும் தந்தார். இவர் வந்து பூட்டுவதாகத்தானே பேச்சு, நான் பூட்டுவது வெறும் பரீட்சைதானே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு பூட்டினேன்.

ஓட்டிப் பார்க்க முன்வந்தவர் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கமம் செய்கிறவர், பயம் அறியாத மனிதர். கரியரில் ஒரு மூடை கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு போனார். நூறு யார் தூரம் போனதும் ஒரு கிடங்கு. உழவு மெசின் ஸ்பிரிங்குக்குக் குதிக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. மூடை அவிழ்ந்து வீதியெல்லாம் கத்தரிக்காய். நான் ஓடிப்போய்ப் பிடித்தபோது அவர் கால் ஊன்றி நின்றபடி சொன்னார்:

"வண்டி அப்பவே நின்னுருச்சு தங்கச்சி. கத்தரிக்காதான் இன்னும் குதிச்சிக்கிட்டு இருக்கு."

மிஸ்ஸியின் கேள்வி

பைக்கை மறுபடியும் முன்கால் இல்லாமல் பட்டறைக் கூரை வளையில் தொங்கவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது அப்படித் தொங்குவதுதான் பிடித்திருந்தது. வேலை முடியாத சைக்கிள் இருந்தால் வேலைக்காரர் வந்துதானே ஆகவேண்டும்? சும்மா ஃபோர்க்கைப் பூட்டிவிட்டால், இவர் வரமாட்டார் என்று நானே எழுதிக் கையெழுத்து வைத்த மாதிரி இருக்கும்.

அப்போதுதான் பிரசவம் பார்க்கிற மிஸ்ஸி வந்தா. மூன்று கிராமத்துக்கு அவா ஒருத்திதான். அவாவின் சைக்கிள் சட்டம் இரண்டாக முறிந்துவிட்டது, ஒட்டவும் இடமில்லை. வளையில் தொங்கியதைப் பார்த்தா. பெட்டிக்குள் கிடந்த ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கையும் பார்த்தா. இரண்டும் பொருந்துமா என்று கேட்டா. பொருந்தும், ஆனால் முன் பிரேக் பூட்ட அதில் இடமில்லை என்றேன். பின் பிரேக் போதும் என்றா. இவர் சொல்லிவிட்டுப் போன கதையைச் சொன்னேன். அவா கோபப்படவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு கேட்டா:

"உம்மட மனுசன் வரேக்கை ஸ்பிரிங் பூட்டலாம். பிள்ளை வரேக்கை நான் என்னத்தில போறது?"

தூரத்தில் வந்த ஃபோர்க்

அன்றே பூட்டிக் கொடுத்தேன். நட்டை இறுக்கும்போது இவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு பின்னேரம், வீதியில் தூரத்தே ஒரு பெண்கள் சைக்கிள் வந்தது. அதன் முன்னால் கொஞ்சமும் பொருந்தாமல் இரண்டு தடித்த கால். கிடங்கில் தாழ்ந்து எழும்பியது. ஸ்பிரிங் ஃபோர்க்! கையிலிருந்த ரியூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் போட்டுவிட்டு வீதிக்கு ஓடினேன். ஓட்டி வந்தவர் முன்பின் தெரியாத ஒட்டுசுட்டான்காரர்.

ஃபோர்க்கின் ஒரு காலில் என் நூல் சுற்றியிருந்தது. பிறகு கழட்டி அளந்தபோது முடிச்சுக்கு முடிச்சு சரி. இவர் கடைகடையாக ஏறி, பளபளப்பான இரண்டை அமத்திப் பார்த்து, ஸ்பிரிங் செத்தவை என்று தள்ளிவிட்டு, நிறம் போன ஆனால் கால் நேரான இதை எடுத்தாராம். முன் பிரேக்குக்கு இடம் இருக்கிறதா என்றும் பார்த்தாராம். அவரிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தில், "நீர் சும்மா ஃபோர்க் பூட்டியிருக்க மாட்டீர் எண்டு எனக்குத் தெரியும்" என்று எழுதியிருந்தார். அதைத் திருப்பி வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. மிஸ்ஸியை வரச்சொல்லி, பைக்கின் ஃபோர்க்கைக் கழட்டி ஒட்டுசுட்டான்காரருக்கும், அவர் கொண்டுவந்ததைப் பைக்குக்கும் மாற்றினேன். அந்தப் பெண்கள் சைக்கிளில் இவர் வவுனியாவில் இறுக்கிய நட்டு எப்போதும் போல இலேசில் அசையவில்லை. அது அசையும்வரை இவர் பக்கத்தில் நின்ற மாதிரித்தான் இருந்தது.

ஒட்டுசுட்டான்காரர் போக எழும்பினார். ஓடி வந்து சேர்ந்ததும் நான் முதலில் பார்த்தது ஃபோர்க்கை அல்ல, தன் முகத்தை என்பதும், பார்த்ததும் என் முகம் விழுந்ததும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"குறை நினையாதேங்கோ அக்கா," என்றார். "அவரைப் பூட்டிக்கொண்டு வர ஏலாதுதானே."

அன்றிலிருந்து இவர் வந்து சேர்ந்த நாள்வரை, எந்தச் சைக்கிள் வந்தாலும் நான் சில்லைப் பார்க்காமல் மேலே இருந்த முகத்தைத்தான் பார்த்தேன். சைக்கிள் திருத்துகிறவளுக்கு ஆகவே ஆகாத பழக்கம் அது.