ரெஜினா தேர்ந்தெடுத்த சென்சார்

காற்றை அமுக்கி, அந்த அழுத்தத்தைக் கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் ரெஜினாவின் வேலை. மறைமலை நகரில் கார்களுக்கான பிரஷர் சென்சார் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் சோதனைக் கூடத்தில் இருக்கிறாள். கட்டைவிரல் பருமனுள்ள சென்சாரை மேசையில் பொருத்திக் காற்றை ஏற்றுவாள். திரையில் வரும் எண்ணும் உண்மையான அழுத்தமும் ஒத்துப்போனால் பச்சைத் தட்டு; இல்லையென்றால் சிவப்புத் தட்டு. படாளத்தில் ஊரார் வயலில் கரும்பு வெட்டிய சின்னையனின் மகள். டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு செங்கல்பட்டில் குடியிருக்கிறாள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் தூங்கிவிடுவாள்.

தம்பி பெஞ்சமினுக்கு உட்கார்ந்து தூங்குகிற சுபாவம் கிடையாது. கல்லூரி நாட்களில் ஈ.சி.ஆர் கடற்கரைச் சாலையில் பைக்கை விரட்டிக்கொண்டு போய் விழுந்தான். தொடை எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் அவனுக்குத் துடைத்துவிட்டு, சோறு ஊட்டி, கூடவே கிடந்தவள் ரெஜினாதான். வீட்டுக்குக் கூட்டிப்போகிற அன்று சொன்னாள்: "ஓட்டியே ஆவணும்னா டிராக்குல போய் ஓட்டு. ரோட்டுல இந்த வேலைய வச்சிக்கினா என் மூஞ்சில முழிக்காத."

கோபத்தில் சொன்னது. அவன் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டான்.

கால் தேறியதும் மாமல்லபுரத்துக்குள் நுழைகிற பூஞ்சேரி கூட்ரோட்டுக்குப் பக்கத்தில் கார் ஒர்க்‌ஷாப் போட்டான். ஓட்டல்காரர்களுக்கு வாடகைக் கார் விடும் ஜுனைத் அவனுக்குக் கூட்டாளி ஆனான். ரேஸில் ஓட்ட இருவரும் ஒரு பழைய காரை வாங்கி, பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இன்ஜினில் பெரிய டர்போவை மாட்டினார்கள். டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும்; கூடாவிட்டால் உள்ளே வெப்பம் ஏறி இன்ஜின் வெந்துபோகும். எவ்வளவு காற்று வருகிறது என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது ஒரு சின்ன சென்சார். அது சொன்ன கணக்குக்குத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து ரெஜினா ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது, செய்தித்தாள் விரித்து அதன்மேல் ஒரு பிஸ்டனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான் பெஞ்சமின். பிஸ்டனின் தலையில் ஒரு ஓட்டை. ஓரமெல்லாம் மெழுகு மாதிரி உருகி வழிந்திருந்தது.

"இன்னாடா ஆச்சு?"

"பெட்ரோல் பம்பு வீக்குன்னு நெனக்கிறேன்க்கா. ட்ரயல்ல போய்க்கினு இருக்கும்போதே டம்முன்னு வுட்டுடுச்சி."

ரெஜினா லேப்டாப்பைக் கேட்டு வாங்கினாள். அந்த ஓட்டத்தின் அழுத்தம் கோடாகப் பதிவாகியிருந்தது. கோடு விறுவிறுவென்று ஏறி, இரண்டரை பார் என்ற அழுத்த அளவைத் தொட்டதும் பலகை போலத் தட்டையாகி அப்படியே போனது. அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"பம்பு இல்லடா. காத்து இந்த எடத்துல நிக்கல, மேல ஏறிக்கினுதான் இருந்துருக்கு. கார் கம்பெனிக்காரன் மாட்டுன சென்சாருக்கு ரெண்டரைக்கு மேல கண்ணு தெரியாது. அது ரெண்டரைன்னே சொல்லிக்கினு இருந்துச்சி, கம்ப்யூட்டரும் அதுக்குத் தக்கன ஊத்திக்கினு இருந்துச்சி."

பெஞ்சமின் பிஸ்டனையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப நீயே ஒரு சென்சாரப் பாத்துச் சொல்லுக்கா. நான் மீட்டர்ல ரெண்டு பார் வரைக்கும் ஏத்தப் போறேன். மூணு பார் சென்சார் போதும்ல?"

"எதுக்கு மச்சான் கஞ்சத்தனம்? ஏழு பார் வாங்கி மாட்டுவோம், ஒரே தபா," என்றான் ஜுனைத்.

மறுநாள் பஸ்ஸில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று பார் போதாது என்பது அவளுக்குத் தெரியும். வண்டியில் இருக்கிற மீட்டர், வெளிக்காற்றைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு எண்ணுகிறது. சென்சாரோ காற்றே இல்லாத வெற்றிடத்திலிருந்து எண்ணுகிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றே அதற்கு ஒரு பார். மீட்டரில் இரண்டு என்றால் சென்சாருக்கு மூன்று. மூன்று பார் சென்சார் அங்கேயே முட்டி நிற்கும்.

ஆனாலும் மூன்று என்றே சொல்லிவிடலாமா என்று தோன்றியது. 'சென்சார் சின்னது, ஒன்றரைக்கு மேல் ஏத்தாதே' என்று ஒரு காரணம் கிடைக்கும். தம்பி கொஞ்சம் மெதுவாகப் போவான். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டுகிறவரை அந்த நினைப்பு ஆறுதலாகவே இருந்தது. பிறகு அவனுடைய கை ஞாபகம் வந்தது. டர்போவின் அழுத்தத்தைக் கூட்ட அவனுக்கு ஒரு திருகு போதும். சின்ன சென்சாரை மாட்டினால் காற்று குறையப் போவதில்லை. அவன் திருகியது யாருக்கும் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவன் ஓட்டும் வண்டியைக் குருடாக்கப் பார்த்தோமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

நாலு பார் என்று சொன்னாள். ஏழு ஏன் வேண்டாம் என்று ஜுனைத் விடாமல் கேட்டான்.

"சென்சார் பேசுறது பூஜ்யத்துலேர்ந்து அஞ்சு வோல்ட்டுக்குள்ள. அந்த அஞ்ச ஏழு பாருக்கும் பிரிச்சிக் குடுத்தா ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சூண்டுதான் வரும். ஓட்டத்துக்கு முன்ன சும்மா நிக்கறப்போ வண்டிக்கு எவ்ளோ காத்துன்னு சரியாத் தெரியாம உதறிக்கினே கெடக்கும். நமக்கு மூணு வேணும், மேல கொஞ்சம் எடம் வேணும். நாலு போதும்."

வாங்கி வந்த சென்சாரை மேலாளர் சடையப்பனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, சாப்பாட்டு வேளையில் தன் மேசையிலேயே சோதித்தாள். அது நாலு பார் வரை நேராகச் சொன்னது. இன்ஜின் சூடு படாத இடத்தில் பொருத்தச் சொன்னாள். மாமல்லபுரத்துக் கடலின் உப்புக் காற்று பித்தளையையே தின்றுவிடும். அதனால் ஒயர் முனைக்கு ரப்பர் மூடி போடச் சொன்னாள். கடைசியாக, அழுத்தம் மூன்றே கால் தாண்டினால் பெட்ரோலையும் அதைப் பற்றவைக்கிற பொறியையும் சேர்த்து நிறுத்தும்படி கம்ப்யூட்டரில் அவளே ஒரு வரம்பு வைத்தாள். பெஞ்சமின் அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

ரேஸ் நாளில் ரெஜினாவும் டிராக்குக்குப் போனாள். நேர்க்கோட்டு ஓட்டம், ஒரு தடவைக்கு இரண்டு வண்டி. முதல் ஓட்டத்தில் பெஞ்சமின் பக்கத்து வண்டியை விட்டு முன்னே போனான். ரெஜினா தன்னையறியாமல் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதி தூரத்தில் வண்டி டப்டப்பென்று வெடித்து, பலமெல்லாம் போனது போலத் தளர்ந்தது. மற்றவன் தாண்டிப் போய்விட்டான்.

இறங்கி வந்தவன் ஹெல்மெட்டைச் சீட்டில் எறிந்தான். "நீ வச்ச வரம்புதான்க்கா. ஜெயிக்க வேண்டிய ஓட்டம். நடு டிராக்குல வச்சி கழுத்தப் பிடிச்ச மாதிரி நிறுத்திடுச்சி."

"மொதல்ல பானட்டத் தொற."

டர்போவின் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வுக்குப் போகிற ரப்பர் குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை முடுக்க வேண்டியது ஜுனைத்தின் வேலை. அவன் முகம் வெளுத்துவிட்டது. லேப்டாப்பில் கோடு மூன்றைத் தாண்டிச் செங்குத்தாக ஏறி, அவள் வைத்த வரம்பைத் தொட்டதும் விழுந்திருந்தது. பெஞ்சமின் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"மூணு பார் போட்டிருந்தா?"

"மூணுலயே முட்டி நின்னுருக்கும். வரம்பு எங்க கீதுன்னே அதுக்குத் தெரிஞ்சிருக்காது."

அவன் தலையை ஆட்டினான். பிறகு, சின்ன வயதில் ஐஸ் வாங்கித்தரச் சொல்லிக் கெஞ்சுகிற அதே குரலில் கேட்டான். "வரம்ப இன்னும் ஒரு கால் பார் மேல வச்சிக்கலாமாக்கா? சென்சார்ல எடம் கீதே."

"செருப்பு பிஞ்சிடும்," என்றாள் ரெஜினா. ஜுனைத்துக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

குழாயைப் புதுக் கிளிப் போட்டு இறுக்கினார்கள். மதியம் இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. பெஞ்சமின் தன் கையாலேயே திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஓட்டினான். அவனுடைய பிரிவில் நாலாவதாக வந்தான். கோப்பை இல்லை, இன்ஜின் முழுசாக இருந்தது. கார் டிரெய்லரில் ஏறியது. திரும்புகிற வழியில் மூவரும் பிரியாணி சாப்பிட்டார்கள். பெஞ்சமின் இரண்டு தட்டு வாங்கினான். எந்த ரப்பர் குழாய் சூட்டுக்குத் தாங்கும் என்று ஜுனைத்தோடு சண்டை போட்டுக்கொண்டே தின்றான். ரெஜினா கை கழுவிவிட்டு, டிரெய்லரை இழுத்துவந்த வேனில் ஏறினாள். மறுநாள் காலை ஷிப்டு. ஜன்னலில் தலை சாய்த்ததும் தூங்கிப்போனாள்.