பீருக்கு வைத்திருந்த ஃபிரிட்ஜ்

யாங்கோனில், தாமுவே பகுதியில் எங்கள் வீடு நாலாம் மாடி. அங்கேதான் நான் பீர் காய்ச்சுகிறேன். கற்றுக்கொடுத்தவர் என்னோடு வேலை செய்த ஒரு பர்மியர். அவர் பாங்காக்குக்குப் போய்விட்டார். அங்கிருந்து வருகிறவர்களிடம் மால்ட் என்கிற முளைகட்டிய பார்லியும் ஹாப்ஸும் கொடுத்தனுப்புவார். ஹாப்ஸ்தான் பீருக்குக் கசப்பைத் தரும் பூ. வெளியே எதுவும் நம் கையில் இல்லாத காலம் இது. பீர் ஊறும் வாளிக்குள் நடப்பதாவது நான் நினைத்தபடி நடந்தது.

யாங்கோன் வெயில் பீருக்கு ஆகாது. ஈஸ்ட் போட்டபின் இரண்டு வாரம் இருபது டிகிரியில் வைத்திருக்கவேண்டும். சூடேறினால் நெயில் பாலிஷ் மாதிரி நாற்றம் வரும். அதற்கென்றே ஒரு பழைய ஃபிரிட்ஜ் வாங்கி, பேட்டரியும் இன்வெர்ட்டரும் போட்டிருந்தேன். மின்சாரம் நாலு மணி நேரம் வந்தால் எட்டு மணி நேரம் வராது. சமையலறை ஃபிரிட்ஜ் வெறும் அலமாரி ஆகிவிட்டது. மீனை அன்றன்றைக்கு வாங்கினோம். பீர் ஃபிரிட்ஜ் மட்டும் நிற்காமல் ஓடியது.

மூன்றாம் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். அண்ணன், அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். பர்மிய லுங்கி கட்டியே வளர்ந்த என் மனைவிக்குக் கல்யாணத்தன்று சேலை கட்டிவிட்டவர் அந்த அண்ணிதான். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய்.

ஏப்ரல் மாதம் ஒரு மத்தியானம் அண்ணன் ஒரு பொட்டலத்தோடு மேலே வந்தார்.

"தம்பி, அண்ணியோட இன்சுலின். கடையில எப்ப கிடைக்கும்னே தெரியல, மூணு மாசத்துக்குச் சேத்து வாங்கிட்டேன். உங்க ஃபிரிட்ஜுக்கு மீ இருக்குல்ல?"

கரண்டை நாங்கள் பர்மிய மொழியில் மீ என்றுதான் சொல்வோம்.

ஈஸ்ட் போட்டு அன்று மூன்றாம் நாள். வாளியில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. மருந்துக்கு வேண்டிய குளிருக்கு ஃபிரிட்ஜின் குமிழைத் திருகினால் ஈஸ்ட் அடங்கிவிடும், பீர் பாதியில் நின்றுபோகும்.

"இது அவ்வளவு கூலா இருக்காதுண்ணே. மருந்துக்கு ஆகாது" என்றேன்.

அவர் ஃபிரிட்ஜைப் பார்த்தார். "சரி தம்பி. பானைத் தண்ணியில வச்சிக்கிறோம்."

அவர் இறங்கிப்போனதும் மனைவி கேட்டாள்: "திருகினா கூலாகும்ல?"

"பத்து நாள் பொறு. பாட்டில்ல அடைச்சதும் நானே போய் வாங்கிட்டு வர்றேன்."

பத்து நாளில் அடைத்தேன். ஃபிரிட்ஜ் காலியானது. நான் போகவில்லை. மறந்துபோகவும் இல்லை. இப்போது போய்க் கேட்டால் அன்று மழுப்பினது தெரிந்துவிடுமே என்று கூச்சம். நாளைக்கு, நாளைக்கு என்று மே மாதம் வந்துவிட்டது.

அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரை ஏறி, கால் புண் அழுகியிருந்தது. மருந்து சூட்டில் கெட்டிருக்கும், அதைத்தான் இத்தனை நாளும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று டாக்டர் சொன்னாராம். இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அவர்கள் வீடு திரும்பிய அன்று ஃபிரிட்ஜைத் திருகிவிட்டுக் கீழே போனேன்.

"அண்ணே, இப்ப நல்லா கூலா இருக்கு. மருந்தைக் குடுங்க."

அவர் கோபப்படவில்லை. "முப்பது வருஷம் மீன் கிடங்குல கூல் மெஷின் பார்த்தவன் நான். திருகினா கூலாகும்னு எனக்குத் தெரியாதா தம்பி? நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்." அப்புறம், "புது மருந்தை லத்தா ஏரியாவுல மச்சான் கடையில வச்சிருக்கோம். அங்க ஜெனரேட்டர் இருக்கு" என்றார்.

அவருடைய வேலை எனக்கும் தெரிந்ததுதான். அந்த மத்தியானம் அது நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

அந்தப் பீர் நன்றாக வந்திருந்தது. நான் செய்ததிலேயே அதுதான் நல்ல பீர். நண்பர்கள் வந்து குடித்துவிட்டுப் புகழ்ந்தார்கள். நானும் குடித்தேன். மழைக்காலம் வந்ததும் அடுத்த வாளியும் வைத்தேன். மனைவி சாயங்காலங்களில் அண்ணிக்குப் புண் கட்டிவிடக் கீழே போவாள். அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

போன வாரம் மாடிப்படியில் அண்ணியைப் பார்த்தேன். ஒரு கையில் கம்பு, மறு கையால் சுவரைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"நீங்க முன்னாடி போங்க தம்பி. எனக்கு நேரமாகும்."

நான் இறங்கிப்போனேன்.